அன்றாடப் பிரெஞ்சுச் சொற்கள்: நெல்லையில் இருந்தபடியே இடைநிலையைத் தாண்ட ஒரு முழு வழிகாட்டி

பிரெஞ்சை இரண்டாம் மொழியாக எடுத்துப் படித்தவர்களுக்கு வினைகளைக் காலவாரியாகச் சொல்ல வரும், பத்தியை மொழிபெயர்க்கவும் வரும். "கரண்ட் போயிட்டு", "சில்லறை இல்ல", "பஸ்ஸ விட்டுட்டேன்" என்ற மூன்றையும் சொல்லச் சொன்னால் பெரும்பாலானோர் நின்றுவிடுவார்கள். பரீட்சைக்குப் படித்த சொற்கள் பரீட்சைத் தாளுக்குள்ளேயே தங்கிவிட்டதுதான் காரணம். ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஏ2 (தொடக்கநிலையின் மேல்படி) நிலையை முடித்து பி1-ஐ (இடைநிலையின் முதல்படி) எட்ட நினைப்பவர்களுக்கும், பி1 எழுதித் தேறியும் வாய் திறக்காதவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

முதலில் உங்கள் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று காலையிலிருந்து நீங்கள் செய்த, உங்களுக்கு நடந்த பத்து விஷயங்களைத் தமிழில் எழுதுங்கள். பாலைக் காய்ச்சினேன், மாவு புளித்திருந்தது, வண்டிக்கு பெட்ரோல் போட்டேன், வெயில் தாங்கல, இப்படிச் சாதாரணமானவை. ஒவ்வொன்றையும் ஐந்து நொடிக்குள் பிரெஞ்சில் சொல்ல முடிகிறதா? நான்கு அல்லது அதற்குக் கீழ் என்றால் கீழே உள்ள எல்லாவற்றையும் வரிசையாகச் செய்யுங்கள். ஏழுக்கு மேல் என்றால் சிறிய வினைகள், பேச்சின் இணைப்புச் சொற்கள் ஆகிய பகுதிகளுக்கு நேராகப் போகலாம்.

எழுத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை

இங்கே பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருப்பது ஒலியைச் சுட்டுவதற்கு மட்டுமே. உங்கள் நோட்டில் பிரெஞ்சு எழுத்தில், மேலே வரும் குறிகளோடுதான் எழுத வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறையாவது பிரெஞ்சுக்காரர் குரலில் கேட்க வேண்டும். ஃபோர்வோ என்ற தளத்தில் சொல்லைத் தட்டினால் உச்சரிப்பு கிடைக்கும்.

இதைக் கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் எழுத்தில் ப ஒன்று, த ஒன்று, க ஒன்று. பிரெஞ்சில் ஒவ்வொன்றும் இரண்டு. 'ப்வாஸோன்' என்று எழுதினால் மீனா, பானமா, விஷமா என்று தெரியாது. மூன்றும் மூன்று சொற்கள். பானத்துக்கு முதல் எழுத்து 'கம்பம்' என்பதன் நடுவில் வரும் ஒலி. மீனுக்கும் விஷத்துக்கும் நடுவில் உள்ள ஸ் மட்டுமே வேறு, விஷத்தில் அது அதிர்ந்து வரும். 'கதோ' என்றால் பரிசா, கேக்கா? பரிசுப்பொருளில் க வன்மை, த மென்மை. கேக்கில் அது அப்படியே தலைகீழ். இந்த மாதிரி ஜோடிகளை ஒரு தனிப் பக்கத்தில் சேர்த்து வாரம் ஒருமுறை உரக்கப் படியுங்கள்.

நமக்குச் சாதகமானவையும் உண்டு. பிரெஞ்சின் த நம் பல்லில் தட்டும் த-தான், ஆங்கில வழியாக வந்து ட என்று சொல்லாதீர்கள். மூக்கொலி உயிர்கள் பலருக்கும் கஷ்டம். நாமோ பேச்சில் 'வந்தான்' என்று முடிக்கும்போது நாக்கு மேலே தொடாமல் மூக்கில் விடுகிறோம், 'மரம்' என்பதிலும் உதடு மூடுவதில்லை. இங்கே சொல் முடிவில் 'ஆன்', 'ஓன்', 'ஏன்' என்று வருவதைப் பெரும்பாலும் அப்படியே படியுங்கள். 'யு' என்று எழுதியிருப்பது, உதட்டைக் குவித்து வைத்துக்கொண்டு 'இ' சொல்வது. இது சரியாக வராவிட்டால் 'தெஸ்யு' (மேலே) 'தெஸூ' (கீழே) ஆகிவிடும்.

படி 1: தனிச்சொல்லை எழுதாதீர்கள், கூட்டை எழுதுங்கள்

இடைநிலையில் தேங்கி நிற்பவர்களின் நோட்டைத் திறந்தால் இடப்பக்கம் பிரெஞ்சுச் சொல், வலப்பக்கம் பொருள் என்று நூற்றுக்கணக்கில் இருக்கும். அந்த நோட்டு தொடக்கநிலைக்குச் சரி. இனிமேல் ஒரு பெயர்ச்சொல் வந்தால் அதனோடு எந்த வினை வருகிறது, எந்த முன்னிடைச்சொல் (ஆ, தெ போன்றவை) வருகிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 'ரான்தேவூ' என்றால் முன்பதிவு செய்த சந்திப்பு என்று எழுதி என்ன பயன்? ப்ரான்த்ர் ரான்தேவூ (நேரம் வாங்க), ரெபோர்த்தே அன் ரான்தேவூ (தள்ளிப்போட), அன்யுலே (ரத்துசெய்ய) என்று மூன்று கூட்டுகளாக எழுதினால் நாளைக்கே ஒரு கிளினிக்குக்குப் போன் செய்யலாம்.

'ரெதார்' (தாமதம்) இன்னும் நல்ல உதாரணம். ஆள் தாமதம் என்றால் ஏத்ர் ஆன் ரெதார், ரயில் தாமதம் என்றால் அவ்வார் த்யு ரெதார், வேலை பிந்திக்கொண்டே போனால் ப்ரான்த்ர் த்யு ரெதார். சொல் ஒன்றுதான், கூட வரும் வினை மாறுகிறது.

நோட்டில் நான்கு பத்திகள் போதும்: கூட்டு, அதை நீங்கள் சொல்லும் தமிழ் (ஏட்டுத் தமிழ் வேண்டாம், வீட்டுத் தமிழ்), உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம், கடைசியில் என்ன தப்பு வரும் என்ற குறிப்பு. நான்காவது பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மறுபடி படிக்கும்போது மிக அதிகமாக உதவுவது அதுதான்.

சொல் ஆண்பாலா பெண்பாலா என்று குறிக்க லெ, லா போடாமல் அன், யுன் போட்டு எழுதுங்கள். உயிரில் தொடங்கும் சொற்களில் லெ, லா இரண்டுமே சுருங்கி ஒன்றாகிவிடுவதால் ஆண்பாலா பெண்பாலா என்று நோட்டைப் பார்த்தாலும் தெரியாது. யுன் எகோல் (பள்ளி), அன் ஆர்ப்ர் (மரம்) என்று எழுதினால் சந்தேகமே இல்லை. சொல்லின் ஈறும் வழிகாட்டும்: -ஸியோன், -யூர், -எத் என்று முடிபவை பெரும்பாலும் பெண்பால், -மான், -ஆழ் என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால். ஆனால் பாழ் (பக்கம்), ப்லாழ் (கடற்கரை), இமாழ் (படம்), காழ் (கூண்டு) நான்கும் பெண்பால். தண்ணீரும் பெண்பால்தான்.

படி 2: உங்கள் நாளைக் காட்சிகளாக வெட்டுங்கள்

பாடப்புத்தகம் விமான நிலையத்தில் தொடங்கும். உங்கள் நாள் அடுக்களையில் தொடங்குகிறது. ஒரு வாரத்துக்கு ஒரு காட்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்களையை முதலில் வைப்பது நல்லது. அங்கே வினைகள் நிறைய, அவற்றைத் தினமும் கையால் செய்கிறீர்கள், செய்யும்போதே வாயால் சொல்லலாம்.

சொதி வைக்கும் நாளை எடுத்துக்கொள்வோம். பாசிப்பருப்பை ஊறவைக்க: ஃபேர் த்ரான்ப்பே. உருளைக்கிழங்கைத் தோலுரிக்க: எப்ல்யுஷே. கேரட்டை வட்டமாக நறுக்க: கூப்பே ஆன் ரோன்தெல். சிறு சதுரமாக என்றால் ஆன் தே. தேங்காய் துருவ: ராப்பே லா ந்வா தெ கோகோ. தேங்காய்ப்பால்: த்யு லே தெ கோகோ. சிறு தீயில் வைக்க: ஆ ஃபே தூ. மெல்லக் கொதிக்கவிட: லெஸ்ஸே மிழோத்தே. தண்ணீர் வடிக்க: எகூத்தே. வெங்காயம் வதக்குவதற்கு ஃபேர் ரெவ்னீர் என்பார்கள். ரெவ்னீர் என்றால் திரும்பி வர என்று மட்டும் படித்தவர்கள் சமையல் குறிப்பில் இதைப் பார்த்து முழிப்பார்கள். எண்ணெயில் பொரிக்க ஃபேர் ஃப்ரீர்.

இதில் அளவுச் சொற்கள் தங்கம் மாதிரி. யுன் பேன்ஸே தெ செல் (ஒரு சிட்டிகை உப்பு), யுன் கூஸ் தாய் (ஒரு பல் பூண்டு), யுன் க்யுயேர் ஆ ஸூப் (ஒரு மேசைக்கரண்டி), அன் ரேழீம் தெ பனான் (ஒரு வாழைத்தார்). தாரிலிருந்து பிரிக்கும் சீப்புக்கு யுன் மேன், அதாவது கை. அளவு வந்துவிட்டால் பின்னால் வெறும் 'தெ' மட்டுமே. த்யு, தெ லா எல்லாம் போய்விடும். த்யு ரி (சோறு) சாப்பிடுகிறேன், ஆனால் போகூ தெ ரி (நிறையச் சோறு), பா தெ ரி (சோறு இல்லை). இந்த இடத்தில் தப்பு செய்யாத இடைநிலை மாணவரைக் காண்பது அரிது. அளவுச் சொல்லைக் கூட்டாகவே மனப்பாடம் செய்தால் விதி ஞாபகத்தில் வரவேண்டிய தேவையே இல்லை.

கேஸ் தீர்ந்தால்? இல் நியா ப்ல்யு தெ காஸ். இங்கே ப்ல்யு என்பதில் கடைசி ஸ் ஒலிக்காது. பேச்சில் 'நெ' என்ற எதிர்மறைச் சொல் விழுந்துவிடுவதால், ஸ் ஒலித்தால் 'இன்னும் வேணும்', ஒலிக்காவிட்டால் 'இனி வேண்டாம்' என்று அந்த ஓர் ஒலியே பொருளைப் பிரிக்கிறது. விருந்துக்குப் போன இடத்தில் இது முக்கியம்.

அடுத்து கடை. நம் ஊரில் "அண்ணாச்சி, கத்திரிக்கா என்ன வெல?" என்று நேராகக் கேட்கலாம், விளிப்பிலேயே மரியாதை வந்துவிடுகிறது. பிரான்சில் கடைக்குள் நுழைந்ததும் போன்ழூர் சொல்லாமல் விலை கேட்டால் மரியாதைக்குறைவு. பஸ் ஓட்டுநரிடமும் அப்படியே. முதலில் போன்ழூர், கடைசியில் மெர்ஸி, ஓ ரெவ்வார். நடுவில்: ஸே கோன்பியேன்? (எவ்வளவு). விற்பவர் எ அவெக் செஸி? என்பார், 'வேற என்ன வேணும்' என்று பொருள். செ செரா தூ (அவ்வளவுதான்). ழெ வூ த்வா கோன்பியேன்? (மொத்தம் எவ்வளவு தரணும்). பழம் நன்றாகப் பழுத்திருக்க வேண்டும் என்றால் பியேன் ம்யூர். சில பழக்கடைகளில் 'இன்னைக்குச் சாப்பிடவா, நாளைக்கா' என்றும் கேட்பார்கள், பூர் ஓழூர்த்வி ஊ பூர் தெமேன்?

லா மொனே என்றால் சில்லறை, பொதுவான பணம் இல்லை. பணத்துக்கு லார்ழான். ழெ நே பா தெ மொனே: சில்லறை இல்ல. ஃபேர் லாப்வேன்: சரியான சில்லறை கொடுப்பது. ரான்த்ர் லா மொனே: மீதி கொடுப்பது. ரொக்கமாக என்றால் ஆன் எஸ்பேஸ். பேரம் பேசுவதற்கு மார்ஷான்தே என்று சொல் உண்டு, ஆனால் பிரான்சின் சாதாரணக் கடையில் பேரம் கிடையாது. பழைய பொருள் சந்தையில் முயன்று பார்க்கலாம்.

நீ, நீங்க வித்தியாசம் நமக்குப் புதிதில்லை, த்யு நீ, வூ நீங்க. எங்கே மாறுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். கடைக்காரர் உங்களைவிடப் பத்து வயது சின்னவராக இருந்தாலும் வூ. மாறாக அப்பா, அம்மா, சித்தி, மாமா எல்லோருக்கும் த்யு. அதில் மரியாதைக்குறைவு இல்லை. வீட்டில் அப்பாவை 'நீங்க' என்றே பழகியவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும், ஆனாலும் அங்கே அதுதான் வழக்கம்.

பஸ்ஸுக்குக் கொஞ்சம் போதும். ராத்தே லெ ப்யுஸ் (விட்டுவிட), மோன்த்தே தான் (ஏற), தெஸான்த்ர் ஆ (இறங்க), ஃபேர் லா கே (வரிசையில் நிற்க), இல் யா த்யு மோந்த் (கூட்டமா இருக்கு). கூட்டத்தில் வழி கேட்கப் பார்தோன், ழெ தெஸான் என்றால் போதும், 'இறங்கணும், வழி விடுங்க' என்று புரிந்துகொள்வார்கள். வண்டி நின்றுபோனால் தோன்பே ஆன் பான், டேங்க் நிரப்ப ஃபேர் லெ ப்லேன், டயர் பஞ்சர் என்றால் அன் ப்னே க்ரெவே.

வீட்டுக்குள்: யுன் கூப்யூர் தெ கூரான் (கரண்ட் கட்), ப்ரான்ஷே (பிளக்கில் மாட்ட), யுன் ரலோன்ழ் (எக்ஸ்டென்ஷன் வயர்), லெ ரொபினே ஃப்வி (குழாய் ஒழுகுது). போனில் சிக்னல் இல்லை என்றால் சா காப்த் பா. வானிலைக்கு இல் ஃபே ஷோ என்ற வெயில் வாக்கியத்தோடு நிற்காதீர்கள். சித்திரைப் புழுக்கத்துக்கு இல் ஃபே லூர், குற்றாலச் சாரலுக்கு லா ப்ரூயின், திடீரென்று கொட்டி ஓயும் மழைக்கு யுன் அவேர்ஸ்.

உடம்பு சரியில்லை என்றால் ழே மால் என்று தொடங்கி உறுப்பைச் சேர்க்க வேண்டும்: ஓ வான்த்ர் (வயிறு), ஆ லா தேத் (தலை), ஆ லா கோர்ழ் (தொண்டை), ஓ தான் (பல்). சளி பிடித்திருக்கு என்றால் ழெ ஸ்வி ஆன்ர்யுமே. மருந்துச் சீட்டு யுன் ஓர்தொனான்ஸ், மாத்திரை அன் கோன்ப்ரிமே, ரத்தம் எடுப்பது யுன் ப்ரீஸ் தெ ஸான். வெறும் வயிற்றில் என்பதற்கு ஆ ழேன். ரத்தப் பரிசோதனைக்குப் போகுமுன் இந்த ஒரு சொல் புரியவில்லை என்றால் காபி குடித்துவிட்டுப் போய் நிற்க நேரும்.

படி 3: சிறிய வினைகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்

புதுப்புது வினைகளைத் தேடுவதைவிட ஃபேர், ப்ரான்த்ர், மேத்ர், பாஸ்ஸே, தோன்பே ஆகிய ஐந்தைக் கூட்டுகளோடு வசப்படுத்துவது பேச்சை வேகமாக மாற்றும். நாமும் போடு, எடு, வை, விடு ஆகியவற்றைக் கொண்டே பாதி நாளைச் சொல்லிவிடுகிறோமே.

மேத்ர்: மேத்ர் த்யு செல் (உப்பு போட), மேத்ர் லெ ரெவேய் (அலாரம் வைக்க), மேத்ர் தெ கோத்தே (எடுத்து வைக்க, சேமிக்க). நேரம் ஆவதற்கும் இதுவே, லெ ப்யுஸ் மே தே ஸேர்: பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது. செ மேத்ர் ஆ என்றால் ஒன்றைச் செய்ய ஆரம்பிப்பது.

ஃபேர்: லே கூர்ஸ் (சாமான் வாங்க), லா வெஸ்ஸேல் (பாத்திரம் கழுவ), லா லெஸ்ஸீவ் (துணி துவைக்க), அத்தான்ஸியோன் (கவனமாக இருக்க), ஸான்ப்லான் (நடிக்க), எக்ஸ்ப்ரே (வேண்டுமென்றே செய்ய). கடைசி இரண்டும் சண்டைகளில் அதிகம் வரும்: ழெ நே பா ஃபே எக்ஸ்ப்ரே, 'வேணும்னு செய்யல'.

பாஸ்ஸே பொறி வைத்த வினை. பாஸ்ஸே அன் எக்ஸாமேன் என்றால் தேர்வு எழுதுவது மட்டுமே. தேறினால் ரெய்யுஸீர். 'பாஸ் ஆயிட்டேன்' என்ற பழக்கத்தில் இதைத் தப்பாகச் சொல்லாதவர்கள் குறைவு. தோன்பே: மலாத் (நோயில் விழ), ஸ்யுர் கெல்கேன் (எதிர்பாராமல் ஒருவரைச் சந்திக்க), லெஸ் தோன்பே (விட்டுத் தள்ளு).

இவற்றோடு நான்கு துணைக் கூட்டுகள். ழெ வியேன் தெ மான்ழே: இப்பத்தான் சாப்பிட்டேன். ழெ ஸ்வி ஆன் த்ரேன் தெ மான்ழே: சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். ழெ நாரீவ் பா ஆ தோர்மீர்: தூக்கம் வரமாட்டேங்கு. ழே த்யு மால் ஆ கோன்ப்ரான்த்ர்: புரிஞ்சுக்கச் சிரமமா இருக்கு. இந்த நான்கும் வாயில் வந்துவிட்டால் கேட்பவர் உங்களை உடனே வேறு மாதிரி நடத்துவார்.

ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் தமிழிலிருந்து நேராகப் போகும் இடங்கள்

நம்மில் பலர் தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்கு வருகிறோம். சில இடங்களில் அந்தச் சுற்று தேவையே இல்லை. 'எனக்கு' என்று தொடங்கும் நம் வாக்கியங்கள் பிரெஞ்சில் அப்படியே இருக்கின்றன. இல் மெ ஃபோ தே கிலோ தெ ரி: எனக்கு ரெண்டு கிலோ அரிசி வேணும். சா மெ ப்லே: எனக்குப் பிடிச்சிருக்கு. சா மெ ஸ்யுஃபி: எனக்கு இது போதும். இல் மெ ரெஸ்த் தீஸ் மின்யுத்: எனக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. சா மே தெகால்: எனக்கு எதுன்னாலும் சரி. த்யு மெ மான்க்: எனக்கு உன்னையத் தேடுது. இந்தக் கடைசி வாக்கியத்தை ஆங்கில வழியாகக் கட்டினால் ழெ தெ மான்க் என்று வரும், அது 'உனக்கு என்னையத் தேடுது' என்று புரண்டுவிடும்.

'கொள்' சேர்த்து நாம் சொல்வதற்கும் அங்கே ஈடு உண்டு. 'விரல வெட்டிக்கிட்டேன்', ழெ மெ ஸ்வி கூப்பே லெ த்வா. 'கையச் சுட்டுக்கிட்டேன்', ழெ மெ ஸ்வி ப்ர்யுலே லா மேன். நாம் 'என் விரல' என்று சொல்வதில்லை, அவர்களும் சொல்வதில்லை. 'மூணு வருஷமா இங்க இருக்கேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதைப் போலவே ழாபித் இஸி தெப்வி த்ர்வா ஸான் என்று நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும்.

ஆனால் பசி, தாகம், தூக்கம், பயம் ஆகியவற்றுக்கு இந்த வழி போகாது. அங்கே 'எனக்கு' வராது, ழே ஃபேன் (பசி), ழே ஸ்வாஃப் (தாகம்), ழே ஸொமேய் (தூக்கம்), ழே பேர் (பயம்). வெக்கையாக இருக்கிறது என்றால் ழே ஷோ. ழெ ஸ்வி ஷோ என்று சொன்னால் விரசமாகப் படக்கூடும்.

பேச்சின் இணைப்புச் சொற்கள்

இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் சொற்கள் தெரிந்தும் புரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் இவைதான், எந்தப் பாடத்திலும் ஒழுங்காக வராது. த்யு கூ (அப்போ, அதனால), ஆன் ஃபேத் (என்னன்னா), கான் மேம் (இருந்தாலும்), ழ்யுஸ்த்தெமான் (அதத்தான் சொல்ல வந்தேன்), ஆ போன்? (அப்படியா), தான் பீ (போகட்டும்), தான் மியே (நல்லதாப் போச்சு), சா யே (ஆயிட்டு), சா தேபான் (அது பொறுத்து), நேன்போர்த் க்வா (கண்டபடி உளறல்). மாதத்துக்கு மூன்றை மட்டும் எடுத்து அந்த மாதம் முழுவதும் பயன்படுத்துங்கள். பத்தையும் ஒரே நாளில் கலந்தால் செயற்கையாகக் கேட்கும்.

காதுக்கு இன்னொரு பயிற்சி வேண்டும். எழுத்தில் இருப்பது பேச்சில் சுருங்கும்: ழெ நெ சே பா (தெரியாது) ஷே பா ஆகிறது, ழெ ஸ்வி ஷ்வி ஆகிறது, இல் யா வெறும் யா, பார்ஸ் கெ பாஸ்க். 'நாம்' என்பதற்கு நூ குறைந்து ஓன் வருகிறது. பூலோ (வேலை), த்ர்யுக் (சாமான்), காமேன் (சின்னப் பிள்ளை) போன்ற கொச்சைகளைப் புரிந்துகொள்ளுங்கள், தேர்வுத் தாளிலும் பெரியவர்களிடமும் பயன்படுத்த வேண்டாம்.

சொல் தெரியாதபோது

இடைநிலைக்காரருக்கு மிகப் பெரிய கருவி, தெரியாத சொல்லைச் சுற்றிப் போய்ச் சொல்லத் தெரிவது. ஸே யுன் ஸோர்த் தெ (ஒரு மாதிரியான), சா ரெஸான்ப்ல் ஆ (அது மாதிரி இருக்கும்), ஸே ஃபே அவெக் (இதை வச்சுச் செய்றது), சா ஸேர் ஆ (இதுக்குப் பயன்படும்), சா ஸெ மான்ழ் அவெக் (இதோட சேத்துச் சாப்பிடுவாங்க). இந்த ஐந்தையும் வைத்து நம் பொருள்களை விளக்கிப் பழகுங்கள். பத்தமடைப் பாய்: யுன் நாத் (பாய்) என்று தொடங்கி, கோரைப்புல்லுக்குச் சொல் தெரியாவிட்டால் 'ஆத்தோரம் வளர்ற ஒரு புல்லு' என்று யுன் எர்ப் கி பூஸ் ஓ போர் தெ லா ரிவியேர். அல்வா: கோதுமை (ப்லே), சர்க்கரை (ஸ்யுக்ர்), நெய் (பேர் கிளாரிஃபியே). கூட்டாஞ்சோறு, அரிவாள்மணை, பனை ஏறும் மூங்கில் ஏணி என்று வாரம் இரண்டு எடுத்தால் பி1 வாய்மொழித் தேர்வில் சொந்த ஊரைப் பற்றிக் கேட்கும்போது தடுமாற மாட்டீர்கள்.

எண்கள்: ரோட்டில் நின்று செய்யும் பயிற்சி

70 முதல் 99 வரை பிரான்சின் எண்முறை எல்லோரையும் இழுத்தடிக்கும். நம் வண்டி எண்களே இதற்குப் பயிற்சித்தாள். திருநெல்வேலியின் 72: ஸ்வாஸான்த் தூஸ், அறுபதும் பன்னிரண்டும். தூத்துக்குடியின் 69: ஸ்வாஸான்த் நேஃப். நாகர்கோவில் 74: ஸ்வாஸான்த் காத்தோர்ஸ். தென்காசி 76: ஸ்வாஸான்த் ஸேஸ். திருச்செந்தூர் 92: காத்ர் வேன் தூஸ், நாலிருபதும் பன்னிரண்டும். வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் முப்பது வண்டிகள் கடக்கும். கடைசி நான்கு இலக்கத்தையும் இரண்டிரண்டாகப் பிரித்துப் படியுங்கள், பிரான்சில் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணையும் அப்படித்தான் ஐந்து ஜோடியாகச் சொல்வார்கள். 71-ல் மட்டும் நடுவில் 'ஏ' வரும், 81-லும் 91-லும் வராது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70-க்கு செப்தான்த், 90-க்கு நொனான்த். கியூபெக் போகிறவர்கள் எண்ணைவிடச் சாப்பாட்டு வேளையைக் கவனியுங்கள். அங்கே தேழ்னே காலை உணவு, தீனே மதியம், ஸூப்பே இரவு. பிரான்சில் தேழ்னே மதியம், தீனே இரவு.

படி 4: மறக்காமல் வைக்கும் அட்டவணை

ஒரு நாளைக்கு 8 கூட்டுகள், வாரத்தில் 6 நாள். ஏழாம் நாள் புதிது கூடாது. பன்னிரண்டு வாரத்தில் 576 ஆகும், அன்றாடப் பேச்சுக்கு இது நல்ல முதலீடு. ஒவ்வொரு கூட்டையும் 1, 3, 7, 15, 30 நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஆன்கி என்ற செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும், கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம். காகித அட்டை வைத்து ஐந்து பெட்டியில் பிரித்தாலும் குறையில்லை.

அட்டையின் முன்பக்கம் தமிழில் ஒரு நிலைமை எழுதுங்கள்: 'ராத்திரி எட்டு மணி, கரண்ட் போயிட்டு, பக்கத்து வீட்டில கேக்கணும்.' பின்பக்கம் பிரெஞ்சு வாக்கியம். பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு என்ற திசையில் மட்டும் அட்டை போட்டால் படித்தால் புரியும், பேச வராது. இடைநிலையில் தேங்குவதற்கு நாங்கள் காணும் முதல் காரணம் இந்தத் திசைதான். அட்டையைப் பார்த்ததும் உரக்கச் சொல்லுங்கள், மனதுக்குள் சொன்னால் மூக்கொலியும் யு-வும் வராமலே போய்விடும். ஐந்து முறை தவறிய அட்டையைக் கிழித்துவிட்டு வேறு வாக்கியத்தில் புதிதாக எழுதுங்கள். பெரும்பாலும் அந்த வாக்கியம் உங்கள் வாழ்க்கையோடு ஒட்டாததாக இருந்திருக்கும்.

கேட்பதற்கு, ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி, சுமார் பத்து நிமிடம். டிவி5 மோந்த் தளத்தில் ஏ1 முதல் பி2 வரை நிலைவாரியாகக் காணொளிகளும் பயிற்சிகளும் இலவசமாக உள்ளன. முழுவதையும் ஓடவிட்டுக் கேட்பதைவிட ஒரு நிமிடத்தை எடுத்து, நிறுத்தி நிறுத்தி எழுதி, எழுத்துப் பிரதியோடு ஒப்பிடுவது பலமடங்கு பயன் தரும். நீங்கள் விட்ட சொற்களில் பெரும்பாலானவை தெரியாத சொற்களாக இருக்காது. தெரிந்தவை சுருங்கி வந்தவையாக இருக்கும். அவற்றை அன்றைய எட்டில் சேருங்கள்.

பேச ஆள் இல்லை என்பது நம் பக்கம் நிஜமான குறை. சக மாணவர் ஒருவரோடு தினமும் ஒரு நிமிட வாட்ஸ்அப் குரல்பதிவு மாற்றிக்கொள்ளுங்கள், அன்றைய கூட்டுகளில் குறைந்தது ஐந்து வர வேண்டும் என்று கட்டு. ஒருவர் மற்றவரின் தப்பைத் திருத்தத் தேவையில்லை, கேட்டுப் பதில் சொன்னால் போதும். திருத்தத்துக்கு மாதம் ஒருமுறை ஆசிரியரிடம் இரண்டு பதிவுகளைக் கொடுங்கள்.

அடிக்கடி வழுக்கும் இடங்கள்

ஆங்கிலம் தெரிந்ததால் வரும் தப்புகள் ஒரு பக்கம் நிறையும். லிப்ரேரி நூலகம் இல்லை, புத்தகக் கடை, நூலகத்துக்கு பிப்லியோதேக். ரெஸ்த்தே ஓய்வெடுப்பது இல்லை, தங்குவது. அத்தான்த்ர் கலந்துகொள்வது இல்லை, காத்திருப்பது; கலந்துகொள்ள அஸிஸ்த்தே ஆ. தெமான்தே அதட்டிக் கேட்பது இல்லை, சும்மா கேட்பது. அக்த்யுயெல்மான் 'உண்மையில்' இல்லை, 'தற்போது'. எவான்த்யுயெல்மான் 'கடைசியில்' இல்லை, 'வாய்ப்பிருந்தால்'. லொகாஸியோன் இடம் இல்லை, வாடகை. ஸான்ஸீப்ல் விவரமானவர் இல்லை, எளிதில் மனம் நோகிறவர்.

கேட்பதில் தே ஸேர் (2 மணி), தூஸ் ஏர் (12 மணி) இரண்டும் சந்திப்பு நேரத்தைக் கெடுக்கும். சந்தேகமிருந்தால் 24 மணி முறையில் கேளுங்கள், காத்தோர்ஸ் ஏர் (14) என்று உறுதிசெய்துகொள்ளலாம். பிரான்சில் பஸ், ரயில், மருத்துவர் நேரமெல்லாம் அந்த முறையில்தான் எழுதியிருக்கும்.

டெல்ஃப் பி1-க்கு இதை எப்படித் திருப்புவது

டெல்ஃப் என்பது பிரெஞ்சு அரசு தரும் மொழித்தகுதிச் சான்றிதழ். அதன் பி1 தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் ஏதாவது ஒன்றில் 5-க்குக் கீழ் போனால் மற்றவற்றில் எவ்வளவு எடுத்தாலும் தோல்விதான். சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். நம் பக்கத்திலிருந்து பெரும்பாலானோர் சென்னை அல்லது புதுச்சேரியில் உள்ள அலியான்ஸ் ஃப்ரான்ஸேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில் எழுதுகிறார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து காலையில் நேராகத் தேர்வுக்குப் போவதைத் தவிர்த்து, முந்தின நாளே போய்ச் சேருங்கள். கேட்டல் பகுதியில் தூக்கக் கலக்கம் நேராக மதிப்பெண்ணைத் தின்னும்.

அன்றாடச் சொற்கள் மிக அதிகம் கைகொடுப்பது பேசுதலின் இரண்டாம் பகுதியில். தயாரிக்க நேரம் தராமல் ஒரு நிலைமையைக் கொடுத்து மூன்று நான்கு நிமிடம் பேசச் சொல்வார்கள்: வாங்கிய பொருள் பழுது, பக்கத்து வீட்டில் சத்தம், நண்பன் கடைசி நேரத்தில் வரமுடியாது என்கிறான். படி 2-ன் ஒவ்வொரு காட்சியிலும் ஒரு சண்டையைச் சேர்த்துப் பயிற்சி செய்தால் இதற்குத் தயார். சா நெ மார்ஷ் பா (வேலை செய்யல), ழெ வூத்ரே எத்ர் ரான்பூர்ஸே (பணத்தைத் திருப்பித் தரணும்), ஸே பா நோர்மால் (இது சரியில்ல), ஓன் பேர் ஸாரான்ழே (பேசித் தீத்துக்கலாம்) ஆகிய நான்கும் கிட்டத்தட்ட எல்லா நிலைமைக்கும் பொருந்தும். எழுதுதலில் 160 சொல் கேட்பார்கள். அங்கே த்யு கூ வேண்டாம், அதற்குப் பதில் தோன்க். நெ விழக் கூடாது, ஓன் குறைத்து நூ போடுங்கள்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடக்கத்தில் செய்த பத்து வாக்கியச் சோதனையை அன்றைய நாளின் புதிய பத்து விஷயங்களோடு செய்யுங்கள். திணறிய வாக்கியங்களே அடுத்த வாரத்தின் முதல் அட்டைகள்.